ஓலையில் பெயர் இல்லாத குரு

  

இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் படகில் ஏறி அமர்ந்துகொண்டு, கரையில் நிற்கும் கூட்டத்துக்கு விதைக்கப் போனவனின் கதையைச் சொல்கிறார். முடிந்ததும் சீடர்கள் அவரிடம் வந்து, ஏன் இவர்களிடம் உவமையாகவே பேசுகிறீர் என்று கேட்கிறார்கள். எனக்கும் குருமடத்தில் படித்த காலத்தில் இந்தக் கேள்வி உண்டு. சொல்ல வேண்டியதை நேராகச் சொல்லிவிட்டுப் போகலாமே, எதற்கு இந்தச் சுற்று வழி என்று நினைப்பேன். நான்கு வருடம் இறையியல் படித்தவனுக்குக் கதை என்றால் கொஞ்சம் இளக்காரம்தான்.

கீரப்பாளையத்தில் எங்கள் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள்தான் அந்த இளக்காரத்தைப் போக்கினார்கள். தேவதிரவிய அனுமானம் ஏழு என்று தொடங்கினால், இரண்டாவதிலேயே ஒருவன் சன்னலுக்கு வெளியே பார்ப்பான். 'ஒரு ஊர்ல' என்று ஆரம்பித்தால் அந்தத் தலை தானாகத் திரும்பும். பெரியவர்களும் அப்படித்தான். வீராணத்துத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருமா என்று வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஒரு விவசாயிக்கு, பாறையில் விழுந்த விதையும் முள்ளுக்குள் விழுந்த விதையும் விளக்கம் வேண்டாத விஷயம். கேட்டவுடனே அவர் தன் வயலை நினைத்துக்கொள்கிறார்.

நம் தமிழ்த் திருச்சபையின் வரலாற்றிலும் இந்தப் பாடம் தொடக்கத்திலேயே இருக்கிறது. 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற சிறிய புத்தகம் அச்சானது. இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சிடப்பட்டு இன்று நம் கையில் இருப்பவற்றில் மிகப் பழையது அது. அதைத் தமிழில் தந்தவர் ஹென்றிக் ஹென்றிக்கஸ் என்ற இயேசு சபைக் குரு. முத்துக்குளித்துறை மக்களிடையே வாழ்ந்து, அவர்களிடமே தமிழ் கற்றவர். பதினாறு பக்கங்களில் செபங்களும் மறையின் அடிப்படைப் போதனைகளும் கொண்ட புத்தகம். எட்டு ஆண்டுகள் கழித்து, 1586-இல், அதே அடிகளார் இன்னொரு புத்தகத்தை அச்சுக்குக் கொடுத்தார். அது 'அடியார் வரலாறு', புனிதர்களின் கதைகள். அது அறுநூறு பக்கங்களைத் தாண்டியது. போதனைக்குப் பதினாறு பக்கம், கதைக்கு அறுநூறு பக்கம். கடற்கரையில் மக்களோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு, எது அவர்கள் வீட்டுக்குள் போய்த் தங்கும் என்பது தெரிந்திருக்கிறது.

நூறாண்டுகளுக்கு மேல் கழித்து இன்னொருவர் வந்தார். அவரை நம் மாவட்டத்துக்காரர் என்றே நாம் உரிமை கொண்டாடலாம். இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் 1680-இல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1711-இல் தமிழகம் வந்து, மதுரை மறைத்தளத்தில் பணி செய்தவர். தைரியநாதர் என்ற பெயர் கொண்டு, பின்னர் வீரமாமுனிவர் ஆனவர். சென்னை மெரினா கடற்கரையில் 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்த சிலைகளில் அவருடைய சிலையும் ஒன்று.

நம் கீரப்பாளையத்திலிருந்து புவனகிரி, சேத்தியாத்தோப்பு வழியாக விருத்தாசலம் போய், அங்கிருந்து முகாசபரூர் பக்கம் போனால் கோணான்குப்பம். உங்களில் பலர் அங்கே தேர்த் திருவிழாவுக்குப் போய் வந்தவர்கள். முனிவர் தம்மோடு கொண்டுவந்த மாதா சுரூபம் காட்டுவழியில் காணாமல் போனது என்றும், ஆடு மாடு மேய்த்த பிள்ளைகள் கையில் அது கிடைத்தது என்றும், பிள்ளையில்லாத கச்சிராயர் அந்தத் தாய்க்குச் சிறுகோவில் எடுத்துக் குழந்தை வரம் பெற்றார் என்றும் அங்கே வழிவழியாகச் சொல்கிறார்கள். அன்னைக்கு முனிவர் வைத்த பெயர் பெரியநாயகி. விருத்தாசலத்துக் கோவிலிலும் அம்மனுக்கு அந்தப் பெயர் உண்டு. அந்த வட்டாரத்து மக்கள் காதுக்கு ஏற்கெனவே பழகிய பெயரைத்தான் அவர் எடுத்தார். சேலை உடுத்திய தாயாகத்தான் அவள் அங்கே நிற்கிறாள்.

அவர் 1726-இல் பாடி முடித்த 'தேம்பாவணி' நமக்குத் தெரியும். மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3615 பாடல்கள். கதைத்தலைவர் நம் புனித சூசையப்பர். சூசை என்ற பெயருக்கு வளன் என்று நல்ல தமிழ்ப் பெயர் கொடுத்தார். காப்பியம் நாட்டுப் படலத்தோடு தொடங்குகிறது. அது யூதேயா நாட்டின் வருணனை. ஆனால் படித்துப் பாருங்கள். மழை பெய்கிறது, ஆறு பெருகுகிறது, வயல் விளைகிறது. அந்த யூதேயாவில் நடந்து போனால் நம் ஊர் வயல்வரப்பில் போவது போலவே இருக்கும். திருக்குடும்பத்தை நம் ஊருக்குக் குடிவைத்துவிட்டுத்தான் அவர் கதையைத் தொடங்குகிறார்.

ஆனால் இன்று நான் அதிகம் பேச நினைப்பது அந்தப் பெரிய காப்பியத்தைப் பற்றி அல்ல. அதே கையால் அவர் எழுதிய ஒரு சின்னக் கதைப்புத்தகத்தைப் பற்றி.

அதற்கு முன் ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். வீரமாமுனிவர் காலத்தில் தரங்கம்பாடியில் லுத்தரன் சபைப் போதகர்கள் இருந்தார்கள். அவர்களோடு முனிவருக்குக் கடுமையான வாதம். 'பேதகமறுத்தல்', 'லுத்தேரினத்தியல்பு' என்று அவர்களை எதிர்த்து நூல்களே எழுதினார். அவர்களும் சும்மா இருக்கவில்லை. இன்று கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் ஒரே மேடையில் அமர்ந்து கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறோம். அந்த வாத நூல்களை ஆராய்ச்சியாளர்களைத் தவிர யார் புரட்டிப் பார்க்கிறார்கள்? ஆனால் முனிவர் சொன்ன கதையைப் பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். வாதத்தில் ஜெயித்தவர் யார் என்பது மறந்துபோயிற்று. கதை மட்டும் உயிரோடு இருக்கிறது.

அந்தக் கதைதான் 'பரமார்த்த குருவின் கதை'. தமிழ் கற்க வரும் ஐரோப்பியக் குருக்களுக்குப் பேச்சுத் தமிழ் பழக வேண்டும் என்பதற்காக முனிவர் எழுதியது. கூடவே இலத்தீனிலும் அவரே மொழிபெயர்த்து வைத்தார். 1822-இல் பெஞ்சமின் பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் அதைத் தமிழும் ஆங்கிலமுமாக லண்டனில் அச்சிட்டார். பிறகு அது பல நாடுகளுக்குப் போயிற்று.

குருவுக்கு ஐந்து சீடர்கள். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். பெயரைக் கேட்டாலே உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தவர்கள். அக்கரை போய்த் தலையை எண்ணும்போது எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருவரை ஆறு கொண்டுபோய்விட்டது என்று கூடி அழுதவர்கள். இந்த எண்ணிக்கைக் கதையை இங்கிலாந்தில் கோதம் என்ற ஊர்க்காரர்கள் பேரிலும் சொல்வதுண்டு. தன்னை விட்டுவிட்டு மற்றவரை எண்ணுவது எந்த நாட்டுக்கும் பொதுவான வியாதி போலிருக்கிறது. பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்கி வந்தவர்களும் இவர்களே.

அதில் ஒரு கட்டத்தை மட்டும் சொல்கிறேன். எப்படியோ ஒரு கிழட்டுக் குதிரை கிடைத்து, குரு அதன்மேல் ஏறிப் போகிறார். வழியில் மரக்கிளை தட்டித் தலைப்பாகை கீழே விழுகிறது. சீடர்கள் எடுத்திருப்பார்கள் என்று கொஞ்ச தூரம் போய்க் கேட்டால், நீங்கள் எடுக்கச் சொல்லவில்லையே என்கிறார்கள். இனிமேல் விழுவதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று குரு கட்டளையிடுகிறார். குதிரை சாணி போடுகிறது. ஒரு சீடன் ஓடிப்போய் அதைப் பத்திரமாக ஏந்திக்கொண்டு வந்து நீட்டுகிறான். குருவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. கடைசியில் எதையெதை எடுக்க வேண்டும் என்று ஓலையில் பட்டியல் எழுதிக் கொடுக்கிறார். தலைப்பாகை விழுந்தால் எடு. வேட்டி விழுந்தால் எடு. மேல்துணி விழுந்தால் எடு.

அப்புறம் குதிரை கால் இடறி, குருவே பள்ளத்தில் விழுகிறார். சேற்றில் கிடந்து, தூக்குங்களடா என்று கத்துகிறார். சீடர்கள் ஓலையை எடுத்துப் படிக்கிறார்கள். தலைப்பாகை எழுதியிருக்கிறது, எடுத்தாயிற்று. வேட்டி எழுதியிருக்கிறது, அதையும் உருவி எடுத்தாயிற்று. குரு உடம்பில் துணியில்லாமல் கிடக்கிறார். அவரைத் தூக்க வேண்டும் என்று ஓலையில் இல்லை. எழுதாததை நாங்கள் செய்ய மாட்டோம் என்று உறுதியாக நிற்கிறார்கள். வேறு வழியில்லாமல் குரு சேற்றில் கிடந்தபடியே ஓலையை வாங்கி, 'என்னையும் எடுக்கவும்' என்று எழுதிக் கொடுக்கிறார். பிறகுதான் தூக்குகிறார்கள்.

இந்தக் கதையில் முனிவர் யாரைக் கேலி செய்கிறார் என்று பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். அந்த மடத்தைத்தான், இந்தச் சபையைத்தான் என்று மற்றவர் பக்கம் கை காட்டுவார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. கத்தோலிக்கத் தமிழில் எங்களுக்கு என்ன பெயர்? குரு. நாங்கள் படித்தது குருமடம். பெற்றது குருப்பட்டம். முனிவரும் ஒரு குரு. அவர் கதை எழுதியது தமக்குப் பின்னால் வரப்போகிற குருக்கள் படிப்பதற்காக. ஒரு குரு, குருக்களுக்காக, முட்டாளான ஒரு குருவைப் பற்றிக் கதை எழுதிக் கையில் கொடுக்கிறார். தமிழையும் கற்றுக்கொள், இதையும் கற்றுக்கொள் என்று அவர் சொல்வதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதை நான் புத்தகத்திலிருந்து கற்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் இருந்தபோது நடந்ததை இன்று உங்களிடம் சொல்கிறேன்.

ஒரு மழை நாள் இரவு. பத்து மணி இருக்கும். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் நனைந்துகொண்டே வந்து, "சாமி, அப்பா தவறிட்டாரு. நாளைக்கு மதியம் எடுக்கணும்" என்றார். கோவில்பிள்ளையைக் கூப்பிட்டுக் குடும்பப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னேன். அவர் அப்பா பெயர் அதில் இல்லை. பிழைப்புக்காக வெளியூர் போய்த் திரும்பிய குடும்பம். பல வருடம் வரி கட்டவில்லை. "பெயர் இல்லையேப்பா, நான் எப்படிக் கல்லறையில் இடம் கொடுக்கறது? பங்குப் பேரவையில கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன். சட்டப்படி நான் சொன்னது சரி. அவர் ஒன்றும் பேசாமல் மழையிலேயே திரும்பிப் போனார். மறுநாள் மதியத்துக்குள் அவர்கள் பொதுச் சுடுகாட்டில் அடக்கம் செய்துவிட்டார்கள். உபதேசியார் மட்டும் போய் ஒரு செபம் சொல்லிவிட்டு வந்தார். நான் அன்று மாலைத் திருப்பலி வைத்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன்.

சில மாதம் கழித்து மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பதற்காக இந்தக் குதிரைக் கதையைச் சொன்னேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கோவில்பிள்ளையும் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வகுப்பு முடிந்து கதவைப் பூட்டும்போது, சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, "ஓலையில பேரு இல்லாதவரு கதை நல்லா இருந்துது சாமி" என்றார். அவ்வளவுதான். திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பதிவேட்டை எடுத்து வந்து மேசைமேல் வைத்தவர் அவர்தானே.

விவிலியத்தில் இதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. சாமுவேல் இரண்டாம் நூல் பன்னிரண்டாம் அதிகாரம். தாவீது அரசர் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவையும் சாகடித்தார். அரசரிடம் போய் நீர் செய்தது பாவம் என்று யார் சொல்வது? இறைவாக்கினர் நாத்தான் போகிறார். குற்றச்சாட்டோடு போகவில்லை, ஒரு கதையோடு போகிறார். ஏராளமான ஆடுமாடு உள்ள பணக்காரன், தன் வீட்டு விருந்துக்காக ஓர் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு போனான். அதைக் கேட்ட தாவீதுக்குக் கோபம் பொங்குகிறது. அந்த மனிதன் சாக வேண்டியவன் என்று தீர்ப்பே சொல்லிவிடுகிறார். அந்த மனிதன் வேறு யாருமில்லை, அரசர்தான் என்று அப்போதுதான் நாத்தான் சொல்கிறார். நேராகச் சொல்லியிருந்தால் தாவீது தப்பித்துக்கொள்ள ஆயிரம் காரணம் சொல்லியிருப்பார். கதையாகச் சொன்னதால் அவர் வாயாலேயே தீர்ப்பு வந்தது.

ஏன் உவமையாகப் பேசுகிறீர் என்ற கேள்விக்கு நான் கண்ட பதில் இதுதான். முகத்துக்கு நேரே சொன்னால் நாம் கதவைச் சாத்திக்கொள்வோம். கதை, விருந்தாளி மாதிரி திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும். நாம் சிரித்துக்கொண்டே உள்ளே அழைத்துவிடுவோம். உள்ளே வந்த பிறகுதான் அது யாரைப் பற்றிப் பேசியது என்பது புரியும்.

நம் சிதம்பரம் வட்டாரத்துக்கு இது புதிதல்ல. ஆதனூர் நந்தனார் தில்லைக்குப் போக ஏங்கிய கதையை, கோபாலகிருஷ்ண பாரதியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கீர்த்தனைகளாகப் பாடினார். பெரியபுராணத்தில் இல்லாத ஒரு பண்ணையாரை அவர் அந்தக் கதையில் சேர்த்தார். இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று விடை கொடுக்காமல் இழுத்தடிக்கிற ஆண்டை அவர். கேட்ட எத்தனையோ பேருக்கு உறுத்தியிருக்கும். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, நம் கத்தோலிக்கர், பாரதியாருக்கு நெருங்கிய நண்பர். நந்தனார் கதையை வேறு மதத்தின் கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. சாதியைச் சொல்லிக் கோவிலுக்குள் சுவர் எழுப்பியதும், செத்தவர்களின் கல்லறையைக்கூடப் பிரித்து வைத்ததும் நம் திருச்சபை வரலாற்றிலும் உண்டு. வெளியே நிறுத்தப்பட்டவனின் கதை எங்கே சொல்லப்பட்டாலும் நம் வாசலையும் கேள்வி கேட்கும்.

மறுநாள் காலை நான் அந்த வீட்டுக்குப் போனேன். நாற்காலி போட்டார்கள். அந்த அம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "மாமா செத்தப்ப வராத சாமி, இப்ப வந்திருக்கீங்க" என்றார். நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? "என்னை அவர் புதைச்ச இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று மட்டும் கேட்டேன். மகன் முன்னால் நடந்தார். மண்மேட்டில் புல் முளைத்திருந்தது. அங்கே நின்று மந்திரித்து, செபம் சொன்னேன். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் குடும்பம் அதன்பின் திருப்பலிக்கு வந்தது சில ஞாயிறு, வராதது பல ஞாயிறு. ஆனால் அன்றிலிருந்து சாவு வீட்டிலிருந்து யார் வந்தாலும் முதலில் நான் கிளம்பிப் போகிறேன். பதிவேட்டை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

பதிவேடு வேண்டாம், ஒழுங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓலை இல்லாமல் பங்கு நடக்காது. ஆனால் விழுந்து கிடப்பவன் கத்தும்போது ஓலையைப் பிரித்துப் படிப்பவன் சீடன் அல்ல. எரிகோ போகிற வழியில் அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்துவிட்டு விலகிப் போனவர்கள் யார்? ஒரு குருவும் ஒரு லேவியரும். அந்தக் கதையையும் சொன்னவர் நம் ஆண்டவர்தான். சொல்லி முடித்து, இவர்களில் யார் அடுத்திருப்பவர் என்று நம்மிடமே கேள்வியைத் திருப்பிவிட்டார்.

2020-ஆம் ஆண்டு உலக சமூகத்தொடர்பு நாளுக்கு மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் கொடுத்த செய்தியின் பொருளே கதை சொல்லுவதுதான். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஆண்டவர் செய்ததைச் சொல்லுங்கள் என்று விடுதலைப் பயண நூலை எடுத்துக்காட்டி எழுதினார். பெற்றோரே, தாத்தா பாட்டிகளே, அது உங்களுக்கும் எழுதிய கடிதம். இரவு சாப்பாடு முடிந்து செல்போனைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லுங்கள். ஊதாரி மகன் கதை போதும். கோபத்தில் வெளியே நின்ற மூத்தவன் கடைசியில் வீட்டுக்குள் போனானா இல்லையா என்று பிள்ளை கேட்கும். ஆண்டவர் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள். பிள்ளையே யோசிக்கட்டும்.

அனுபவத்தில் கண்ட இரண்டு விஷயங்களைச் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, கதையைச் சொன்ன பிறகு, 'இதிலிருந்து நாம் அறிவது என்னவென்றால்' என்று நீட்டாதீர்கள். இந்தத் தவறை நான் இன்றைக்கே செய்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு, பக்கத்து வீட்டுக்காரரைக் குத்துவதற்காகக் கதை சொல்லாதீர்கள். அப்படிச் சொன்ன கதை அவர் வீட்டுக்கும் போகாது, உங்கள் வீட்டிலும் தங்காது. முனிவர் செய்தது போல உங்களையே முதலில் சேற்றில் விழ வையுங்கள். அப்பாவும் ஒருநாள் தப்புச் செய்தார் என்று தெரிந்த பிள்ளை, தன் தப்பை மறைக்காமல் வந்து சொல்லும்.

வருகிற ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு, நம் பங்குக் குடும்பப் பதிவேட்டைக் கோவில் முகப்பில் மேசை போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் தெருவில், உங்கள் அன்பியத்தில் யாருடைய பெயர் விட்டுப்போயிருக்கிறதோ, அதை வந்து சொல்லுங்கள். வரி பாக்கி எவ்வளவு என்று அன்றைக்கு யாரும் கேட்கமாட்டார்கள். சேற்றில் கிடப்பவரே எழுதிக் கொடுக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டாம்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார், உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.